மாசம் முன்னாடி, தேதி பின்னாடி

வாம்மா, உள்ள வா. ஃபேன் காத்து இந்தப் பக்கம்தான் வரும், அந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்க. நீதான் சர்வீஸுக்கு வந்த பொண்ணா? ஆம்பளை யாராவது வருவாங்கன்னு நெனச்சேன். நல்லதாப் போச்சு. போன வருஷம் வந்தது ஆம்பளைதான், அந்த ஆளு பண்ணிட்டுப் போன வேலையைக் கேட்டா நீ சிரிப்பே. பேரு என்னம்மா? மெர்சி. சரி மெர்சி, உக்காரு.

கம்ப்ளெய்ண்ட் ஒண்ணே ஒண்ணுதான். முந்தாநாள் சாயங்காலம், 'புதுப்பிக்கப்படுகிறது, அணைக்க வேண்டாம்'னு அதுவா போட்டுச்சு. நான் அணைக்கல. நேத்துக் காலையில வந்து பாத்தா எல்லாம் பளபளன்னு இருக்கு, ஜாதக சாஃப்ட்வேர் மட்டும் திறக்கல. ரெண்டு தட்டு தட்டினா ஒரு கட்டம் வந்து நிக்குது, இந்தக் கம்ப்யூட்டர்ல இது ஓடாதாம். பதினாறு வருஷம் ஓடினது இப்ப மட்டும் ஏன் ஓடாது? அதை எழுதிக் கொடுத்தவரு திருச்சிக்காரர், போய்ச் சேந்து ஆறு வருஷம் ஆச்சு. புதுசு வாங்கிக்கங்கன்னு மட்டும் சொல்லிடாதே. இந்தத் திருமணத் தகவல் மையத்துல பதிஞ்ச ஒன்பதாயிரம் ஜாதகமும் அதுக்குள்ளதான் கெடக்கு. ஓனர் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்து சாமி படத்துக்குப் பூ வச்சுட்டுப் போறவரு, மத்ததெல்லாம் நான்தான். நீ அதைத் திறந்து கொடு, போதும். வேற எதையும் தொடாதே. முக்கியமா தேதியைத் தொடாதே. ஏன்னு சொல்றேன், நீ பாட்டுக்கு வேலையைப் பாரு.

உங்கள்ல ஜாதகம் பாக்க மாட்டீங்கல்ல? கொடுத்து வச்சவங்க. அப்ப இதைச் சொன்னாத்தான் உனக்குப் புரியும். எங்கள்ல செவ்வாய் தோஷம்னு ஒண்ணு. பொறந்த நேரத்துக் கட்டத்துல செவ்வாய் சில வீட்டுல உக்காந்துட்டா தோஷம். தோஷம் உள்ள பொண்ணுக்குத் தோஷம் உள்ள மாப்பிள்ளையைத்தான் கட்டணும். சுத்த ஜாதகத்துக்குக் கட்டினா புருஷனுக்கு ஆகாது, குடித்தனம் நிக்காதும்பாங்க. நான் நம்புறனான்னு கேக்குறியா? பதினாறு வருஷமா இதைத்தானே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.

என் பொண்ணு பிரவீணாவுக்குச் செவ்வாய் இருக்கு. ரெண்டாம் வீட்டுல. அதுக்கு விலக்கு உண்டு, அது வேற கதை.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வரன் வந்துச்சு. கூட்டுறவு பேங்குல மேனேஜரா இருந்து ரிட்டயர் ஆனவரு, கலியமூர்த்தின்னு பேரு. அவரு பையன் இளங்குமரன். பையன் தங்கம், அதுல குத்தம் சொல்ல மாட்டேன். பிரவீணாவும் அதுவும் போன்ல பேசிக்க ஆரம்பிச்சாச்சு. எங்க வீடு இந்த மாடியிலதான், அவ சிரிக்கிற சத்தம் இங்க வரைக்கும் கேக்கும். பூ வைக்க நாள்கூட குறிச்சாச்சு, ஐப்பசி இருபத்தி ரெண்டு. புடவைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்தாச்சு.

ஒரு நாள் காலையில பதினொரு மணி இருக்கும், இதே அறையில ஏழெட்டுப் பேரு காத்துக்கிட்டிருக்காங்க. கலியமூர்த்தி வந்தாரு. கையில ஒரு தாளு. நம்ம மையத்துத் தாளுதான், பிரவீணா ஜாதகம், லீவுல நான் இல்லாத அன்னிக்கு ஓனர்கிட்டே கேட்டு வாங்கியிருக்காரு. அதை இந்தா, இந்தக் கீபோர்டு மேல விட்டெறிஞ்சாரு. "ஊர்ப் பொண்ணுக்கெல்லாம் செவ்வாய் இருக்கா இல்லையான்னு பாத்துச் சொல்ற இடத்துல உக்காந்துக்கிட்டு, உன் பொண்ணு செவ்வாயை மறைச்சு என் புள்ளை தலையில கட்டப் பாத்தியா? புள்ளையைக் கொல்லவா பொண்ணு கொடுக்குறே?"

உன் பொண்ணு, பாத்தியா. அது வரைக்கும் வாங்க போங்கன்னு பேசினவரு.

நான் மறைக்கலம்மா. அவரு கேக்கல, நான் சொல்லல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். விலக்கு உண்டுன்னும் சொல்லியிருப்பேன். காத்துக்கிட்டு இருந்தவங்கள்ல ரெண்டு குடும்பம் அப்படியே எழுந்திரிச்சுப் போயிட்டாங்க. நான் அந்தத் தாளை எடுத்து மடிச்சு டிராயர்ல வச்சேன். இன்னிக்கும் இருக்கு. பிரவீணா நாலு நாள் சாப்பிடல. அஞ்சாம் நாள் கீழ வந்து, 'அம்மா, நீ முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா என்ன'ன்னு என்னைக் கேட்டா. என்னைக் கேக்குறா பாரு. அந்த ஆளைக் கேக்கல.

அன்னிக்கு வயிறு எரிஞ்சுது மெர்சி, இன்னும் அணையல. இந்தக் கையாலேயே அந்த ஆளுக்குத் திருப்பிக் கொடுக்கணும்னு தினம் விளக்கேத்தும்போது வேண்டிக்குவேன். சாமிகிட்டே இதைக் கேக்கலாமான்னெல்லாம் நான் பாக்கல.

அது என்ன, வலது பக்கம் தட்டினா இவ்வளவு நீளமா வருது? ஆங், இதேதான், போன வருஷம் வந்த சர்வீஸ் ஆளும் இங்கதான் போனான். 'பழைய விண்டோஸ் மாதிரி நடி'ன்னு ஒரு கட்டத்துல டிக் போடுவான். போடு, போடு.

போன வருஷம் சித்திரையிலயும் இதே கூத்து. ஆனா அப்ப அந்த ஆளு ஜாதகத்தை மட்டும் தனியா எடுத்து வச்சுட்டு, மத்த எல்லாத்தையும் அழிச்சு விண்டோஸைப் புதுசாவே போட்டான். போட்டதும் இது திறக்கல. டிக் போட்டான், திறந்துச்சு. 'முடிஞ்சுதும்மா'ன்னு பையைத் தூக்கிட்டுப் போயிட்டான். ஒரு ஜாதகம் போட்டுப் பாத்துட்டுப் போகணும்னு தோணல. எனக்கும் தோணல. வெளியில பதிமூணு குடும்பம் நின்னுக்கிட்டிருந்தாங்க.

மூணு வாரம் நல்லாத்தான் ஓடிச்சு. அப்புறம் திருபுவனத்துலேருந்து ஒரு அம்மா வந்துச்சு. பையனுக்கு முழு ஜாதகம் வேணும்னுச்சு. போட்டுக் கொடுத்தேன். வாசப்படி தாண்டிப் போயிட்டுத் திரும்பி வந்துச்சு. 'ஏம்மா, எம் புள்ளை நவராத்திரியில பொறந்தவன். கொலுவுக்குச் சுண்டல் கிண்டிக்கிட்டு இருக்கையில எனக்கு வலி எடுத்துச்சு. நீ ஆனி மாசம்னு போட்டிருக்கியே'ன்னுச்சு.

பாத்தா, ஆமா. பையன் பொறந்தது அக்டோபர் ஏழு. நான் ஏழு, பத்துன்னுதான் அடிச்சிருக்கேன். மிஷின் அதை ஜூலை பத்துன்னு எடுத்துக்கிட்டிருக்கு. மாசத்தை முன்னாடி, தேதியைப் பின்னாடி. வெளிநாட்டுல அப்படித்தான் எழுதுவாங்களாமே. அந்த ஆளு புதுசாப் போட்டப்ப நாட்டை மாத்தாம விட்டுட்டுப் போயிருக்கான். நான் கும்பகோணத்துல உக்காந்து அடிக்கிறேன், மிஷின் அமெரிக்காவுல உக்காந்து படிக்குது.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, கவனி. பன்னெண்டாம் தேதிக்கு மேல பொறந்தவங்களுக்குத் தப்பே வராது. பதினஞ்சாம் மாசம்னு ஒண்ணு கெடையாதுல்ல, அதனால அதுவே சரியா எடுத்துக்கும். ஒண்ணுலேருந்து பன்னெண்டுக்குள்ள பொறந்தவங்கதான் மாட்டுவாங்க. நட்சத்திரம், ராசி நாமளே தேர்ந்தெடுத்துப் போடுறது, அது சரியா இருக்கும். கிரகக் கட்டமும் தோஷமும் மட்டும்தான் மாறும். அதை எவன் பாக்குறான்? எல்லாருக்கும் அவங்க நட்சத்திரம் தெரியும், செவ்வாய் எங்க உக்காந்திருக்குன்னு தெரியாது. தமிழ் மாசம் முழு ஜாதகத்துல மட்டும்தான் வரும், பொருத்தச் சீட்டுல வராது. ஒரு நாள் மத்தியானம் பூராக் கதவைச் சாத்திக்கிட்டு நானே போட்டுப் போட்டுப் பாத்துக் கண்டுபிடிச்சேன். நீ படிச்சுட்டு வந்திருக்கே, நான் பத்தாவது.

சரி பண்ணத் தெரியல. ஆனா மாத்தி அடிக்கத் தெரியும். பன்னெண்டுக்குள்ள பொறந்தவங்களுக்கு மாசத்தை முன்னாடி அடிச்சேன், சரியா வந்துச்சு. ஒரு வருஷமா அப்படித்தான் அடிக்கிறேன், கை பழகிடுச்சு. அதான் தேதியைத் தொடாதேன்னேன். நீ இப்ப நாட்டை மாத்தினா நான் திருப்பி அடிச்சதெல்லாம் தப்பாயிடும்.

அந்த மூணு வாரத்துல போனவங்களா? பதினோரு குடும்பம். கணக்குப் பாத்தேன். சொல்லல. சொன்னா மையத்துப் பேரு என்ன ஆகிறது? பாதிக் கல்யாணம் அதுக்குள்ள முடிஞ்சே போச்சு. கட்டின தாலியை அவுக்கச் சொல்றதா?

போன வருஷம் ஆனியிலதான் கலியமூர்த்தி படி ஏறி வந்தாரு. பையனுக்கு முப்பத்திரண்டு ஆகிப்போச்சு, ஒண்ணும் அமையல. ஆளு பாதியாயிட்டாரு. உக்காரச் சொல்லல நான், அவரா உக்காந்தாரு. வேற மையம் நாலு இருக்கே, இங்க ஏன் வந்தீங்கன்னு கேட்டேன். "உன் மேல எனக்கு நம்பிக்கை இல்லம்மா. இந்த மிஷின் மேல இருக்கு. மிஷின் பொய் சொல்லாது"ன்னாரு.

என் எடத்துக்கே வந்து என்கிட்டேயே சொல்றாரு பாரு. அப்ப எனக்கு ஒரு பதற்றமும் இல்ல. நிதானமாக் கேட்டேன், தம்பி பொறந்த தேதி சொல்லுங்கன்னு. எனக்குத் தெரியும். பொண்ணுக்குப் பாத்த பையன் தேதி மறக்குமா? மூணு, ஒன்பது, தொண்ணூத்தி ஒண்ணு. செப்டம்பர் மூணு. மூணுன்னு சொன்னதும் என் கை கீபோர்டு மேல நின்னுச்சு. மாத்தி அடிக்கணும். அடிக்கல. அவரு சொன்னபடியே அடிச்சேன். ஒரு எழுத்து நான் கூட்டல, கொறைக்கல. மார்ச் ஒன்பதுன்னு மிஷின் எடுத்துக்கிச்சு. ஏழாம் வீட்டுல செவ்வாய் வந்து உக்காந்துச்சு.

பிரிண்டைக் கையில கொடுத்தேன். படிச்சாரு. கண்ணாடியைத் துடைச்சுட்டு மறுபடி படிச்சாரு. முன்னாடி சுத்த ஜாதகம்னு வந்துச்சேன்னாரு. 'போன மாசம் அப்கிரேடு பண்ணோம் சார், பழசு மேலாப்ல பாக்கும், இது நுணுக்கமாப் பாக்கும்'னு சொன்னேன். நம்பிட்டாரு. பேங்கு ஆளுல்ல, அப்கிரேடுன்னா கேள்வி கேக்க மாட்டாரு. அந்த மொகம் வெளுத்துச்சு பாரு, எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு மெர்சி. பொய் எதுக்கு, ரொம்பச் சந்தோஷமா இருந்துச்சு.

பிரிண்டை நாலா மடிச்சுப் பையில வச்சாரு. அப்புறம் கேட்டாரு, 'உங்க பொண்ணுக்கு இன்னும் பாக்குறீங்களா?' மறுபடி 'உங்க' ஆயிடுச்சு. அதுக்குத்தானே நான் காத்துக்கிட்டு இருந்தேன். 'ஆவணியில கல்யாணம் சார். மாப்பிள்ளைக்கு ஓசூர்ல வேலை. அவருக்கும் செவ்வாய், என் பொண்ணுக்கும் செவ்வாய், நேருக்கு நேர். பத்துக்கு ஒன்பது பொருத்தம்'னு சொன்னேன்.

பாவமா? எதுக்குப் பாவம்? அவரு எங்களைப் பாவம்னு பாத்தாரா?

அப்புறம் ஒன்பது செவ்வாய்க்கிழமை பரிகாரத்துக்கு வைத்தீஸ்வரன் கோயிலுக்கு நடையா நடந்தாரு. செவ்வாய் உள்ள பொண்ணா இருந்தாப் பரவாயில்ல, இருந்தாத்தான் வேணும்னு என்கிட்டே வந்து நின்னாரு. பாபநாசத்துல ஒரு பொண்ணு, தாரணின்னு பேரு, இருபத்தொன்பது வயசு, முத்தின செவ்வாய், ஒருத்தனும் கட்ட வரல. எடுத்துக் கொடுத்தேன். தையில கல்யாணம். பையன் ஜாதகம் நெசத்துல சுத்தம், பொண்ணுக்கு முழுத் தோஷம். எதைப் புள்ளையைக் கொல்றதுன்னு எல்லாருக்கும் முன்னாடி சொன்னாரோ, அதையே அவரு கையால பாத்துப் பாத்துச் செஞ்சாரு. முதல் பந்தியில உக்காந்து நான் சாப்பிட்டேன்.

என்ன ஆச்சா? ஒண்ணும் ஆகல, இப்ப வரைக்கும். நல்லாத்தான் இருக்காங்க. அந்தப் பொண்ணு வந்ததுலேருந்து வீட்டுல பாட்டும் கூத்துமா இருக்காம். போன வாரம் அந்த ஆளு ஒரு தட்டுல பழம், மைசூர்பாகு எல்லாம் வச்சு எடுத்துக்கிட்டு வந்தாரு. மருமக முழுகாம இருக்காளாம். "அன்னிக்கு நான் பேசினதை மனசுல வச்சுக்காதீங்க. எங்க வீட்டுல விளக்கேத்தி வச்சது நீங்கதான்"னு கையெடுத்துக் கும்பிட்டாரு.

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லு. அந்த மைசூர்பாகு இன்னும் பிரிட்ஜுல கெடக்கு, எறும்புக்குக்கூட போட மனசில்ல. இருக்கட்டும். கல்யாணம் ஆகி வருஷம் இன்னும் திரும்பல. பாக்கலாம்.

பிரவீணாவா? நல்லா இருக்கா. மாடியிலதான் இருக்கா. தலை தீபாவளிக்கு வந்தா. மாப்பிள்ளை மறுநாளே கிளம்பிட்டாரு, வேலை. இவளுக்கு ஓசூர் குளிர் ஒத்துக்கல, கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகட்டும்னு நான்தான் சொன்னேன். எட்டு மாசம் ஆகுதா? ஆகும். நவம்பர் ஆறு அவருக்குப் பொறந்த நாளு, போன் பண்ணி வாழ்த்து சொன்னியாடின்னு கேட்டேன். தட்டை வச்சுட்டு எழுந்திரிச்சுப் போயிட்டா. கொஞ்சம் அழுத்தக்காரி, அவ அப்பா மாதிரி. மாப்பிள்ளை சித்திரைக்கு வரேன்னாரு, வரல. வேலை ஜாஸ்தி. வக்கீல்கிட்டேயிருந்து ஏதோ கடுதாசி வந்துச்சு, அது இடம் விஷயமா இருக்கும், நான் பிரிக்கல.

திறந்துடுச்சா? அப்பாடா. நட்சத்திரம் சுத்துது பாரு, அதேதான். நல்லா இருப்பே மெர்சி.

ஏம்மா, என்ன பண்றே? தேதியைத் தொடாதேன்னு சொன்னேன்ல. சும்மா மாத்திப் பாக்குறியா, திருப்பி வச்சுடுவியா? சரி. பாரு, இளங்குமரனைப் போட்டுப் பாரு, நான் சொன்னது பொய்யான்னு. மூணு, ஒன்பது. தெரியுதா? செவ்வாய் தோஷம் இல்லை. சுத்த ஜாதகம். இப்ப நம்புறியா? சரி, பழையபடி வை.

வேணாம்மா, அந்த மூணு வாரத்துப் பட்டியலை எதுக்கு எடுக்குறே? பதினோரு குடும்பம்னு நான்தான் சொன்னேனே. தப்பானதை ஒரு தாள்ல எழுதிக் கொடுத்துட்டுப் போறியா? அவங்களுக்குச் சொல்லணுமா? நீ சின்னப் பொண்ணு, உனக்கு ஊரு தெரியாது. மூடு அதை.

பட்டியல்ல முதல்ல இருக்கிறது யாரா? அது... அது என் பொண்ணுதான். பிரவீணா, சரவணகுமார். அவசரமா அமைஞ்சுது, சித்திரையிலயே சீட்டுப் போட்டேன். மிஷின் சரியான மூணாம் நாள். அது கணக்குல வராது, அதை நான் சேக்கல. நான் பெத்த பொண்ணுக்கு நான் தப்பாப் போடுவனா? மாப்பிள்ளை பொறந்தது நவம்பர்ல. ஆறு, பதினொண்ணு.

தட்டாதே.

மெர்சி, தட்டாதேன்னேன்ல.

என் கண்ணாடி எங்க. படி, நீயே படி. பொண்ணுக்கு இருக்குன்னு போட்டிருக்கும், அது தெரிஞ்சதுதான். மாப்பிள்ளைக்கு?

இன்னொரு தடவை படி.

இல்லையா. சுத்தமா.

ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வை.

எல்லாம் அந்த ஆளால வந்தது. அன்னிக்கு அந்தத் தாளை அவரு விட்டெறியலேன்னா நான் ஏன் அவ்வளவு அவசரப்பட்டு முடிக்கப் போறேன்? அந்த ஆளு படி ஏறி வர்றதுக்குள்ள என் பொண்ணுக்கு முடிச்சுக் காட்டணும்னுதானே முடிச்சேன். இப்ப பாரு, அங்க பாட்டும் கூத்தும். இதையும் சேத்து எழுதி வச்சுக்க, இதுவும் கலியமூர்த்தி கணக்குதான்.

நீ பழையபடி மாத்தி வை. மாசம் முன்னாடி, தேதி பின்னாடி. ஒரு வருஷமா நான் அடிச்சு வச்சதெல்லாம் தப்பாப் போயிடும். வச்சுட்டியா? இப்ப மறுபடி அவரைத் தட்டு. சரவணகுமார். என்ன போட்டிருக்கு?

இருக்குன்னு போட்டிருக்குல்ல. ஆங். அதைப் பிரிண்ட் எடுத்துக் கொடு. மாடியில அவ கேட்டா காட்டணும்.